சோற்றைப் பற்றி முதல் நாளே பேசாதீர்கள்: இனிப்பு நீர் (நீரிழிவு), இருதய நோய் அபாயத்தில் இருப்பவர்களுக்கு நலப் பயிற்சி தரும் முழு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கோவில் மண்டபத்து மூலை. ஒரு மேசை, நாலு நாற்காலி, ஒரு இரத்த அழுத்தக் கருவி. எங்கள் நலப் பயிற்சி நடப்பது இங்கேதான். புதிதாக வந்து சேரும் பயிற்றுநர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று பல குழுக்களில் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் ஒரே இடம்தான். வந்தவர் உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, "சோத்தைக் குறைங்க அண்ணே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அண்ணன் நன்றாகத் தலையாட்டுவார். அடுத்த வாரம் நாற்காலி காலியாக இருக்கும்.

இந்த வேலையில் என்ன சொல்கிறோம் என்பதைவிட எதை எப்போது சொல்கிறோம் என்பதுதான் பெரிது. கீழே உள்ளது பன்னிரண்டு வாரத்துக்கான வரிசை. நோய் இன்னும் வராமல் வாசலில் நிற்பவருக்கும், இப்போதுதான் மாத்திரை தொடங்கியவருக்கும் இது பொருந்தும்.

1. உங்கள் எல்லை எதுவரை என்று தெரிந்துகொள்ளுங்கள்

நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதும், மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் கிளினிக் வேலை. கிளினிக்கில் சொன்னது வீட்டில் நடக்கும்படி கூட இருந்து பார்ப்பது நம் வேலை. இதை வந்தவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் மூன்றாம் வாரம் மாத்திரைப் பையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டி, "இதுல எதை விடலாம் தங்கச்சி?" என்று கேட்பார்கள்.

ஆபத்து அறிகுறிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் என்றால் உடனே அவசர எண் 999. முகம் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் விழுவது, பேச்சுக் குழறுவது என்றாலும் அதே எண்தான்.

எங்கள் ஊரில் நெஞ்சுவலிக்கு முதலில் வைக்கிற பெயர் 'காத்து'. ஓமத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். இனிப்பு நீர் உள்ளவருக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் களைப்பும் வியர்வையுமாகக்கூட வரலாம். "காத்துதான், போயிடும்" என்கிறவரை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

இரத்த அழுத்தக் கருவி, பெரிய கைக்கும் பொருந்தும் இரண்டாவது பட்டை, தையல்காரர் அளவு நாடா, எடை இயந்திரம், வெற்றுத் தாள்கள். அதோடு ஒரு சாப்பாட்டுத் தட்டு, கடையில் தே தாரே (டின் பால் தேநீர்) ஊற்றும் கிளாஸ் ஒன்று, ஒரு தேக்கரண்டி, ஒரு டப்பா சீனி. தட்டும் சீனியும் ஏன் என்பது பின்னால் புரியும். பட்டை சிறியதாக இருந்தால் அழுத்தம் கூடுதலாகக் காட்டும், அதனால்தான் இரண்டு பட்டை.

விரலில் குத்திப் பார்க்கும் கருவியை நான் மேசையில் வைப்பதில்லை. அதை வைத்தால் எல்லோரும் அதைப் பார்க்கத்தான் வருவார்கள். எண் நல்லதாக வந்தால் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று போய்விடுவார்கள். நோயை உறுதி செய்வது கிளினிக்கில் கையின் இரத்தக் குழாயிலிருந்து எடுக்கும் இரத்தம்தான்.

நேரமும் முக்கியம். பால்மரம் (ரப்பர்) வெட்டுபவர் விடியுமுன் போய் மதியம் வருவார், செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுபவர் வெயில் தாழ வருவார். தோட்டத்தை விட்டு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்துவிட்டவர்களில் பாதிப் பேர் தொழிற்சாலை ஷிஃப்டு, மீதிப் பேர் பாதுகாவலர் வேலை. மாலை ஐந்து மணி என்று ஒரே நேரம் வைத்தால் ஓய்வு பெற்றவர்கள் மட்டும்தான் வருவார்கள். இரண்டு நேரம் வையுங்கள். முதல் சந்திப்பை வீட்டில் வைக்காதீர்கள். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் யாரும் உண்மையைப் பேசமாட்டார்கள்.

3. எண்களை வரிசையாக எழுதுங்கள்

2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்த இந்தியர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர். ஆகவே ஆளைப் பார்த்து 'இவர் ஒல்லி, இவருக்கு இருக்காது' என்று கணக்குப் போடாதீர்கள். நம்மவர்களுக்குக் கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் நிற்கும் உடல்வாகு அதிகம்.

முதலில் இடுப்பளவு. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. இதைத் தாண்டினால் குறித்துக்கொள்ளுங்கள். கைலி கட்டும் இடத்தில் அளப்பதுதான் பொதுவான தப்பு, வயிறு பெருத்தவர்கள் கைலியைத் தொப்பைக்குக் கீழே கட்டுவார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டதும் அளக்க வேண்டும். பெண்களைப் பெண்ணே அளக்கட்டும்.

அடுத்து எடையும் உயரமும். கிலோவை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு. ஆசியர்களுக்கு 23-லிருந்தே கவனம் வேண்டும். 160 சென்டிமீட்டர் உயரமும் 68 கிலோவும் உள்ள அக்காவுக்கு 26.6 வரும். அவர் தன்னைக் குண்டு என்று நினைக்கவே மாட்டார்.

இரத்த அழுத்தத்தைக் கடைசியில் எடுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த வேகத்தில் எடுத்தால் எண் ஏறித்தான் இருக்கும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காரட்டும், இரண்டு பாதமும் தரையில், கை மேசையின் மேல் நெஞ்சு உயரத்தில். அரை மணி நேரத்துக்குள் கோப்பியோ சிகரெட்டோ கூடாது, சிறுநீரை அடக்கிக்கொண்டும் இருக்கக்கூடாது. ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். இடையில் பேச்சு வேண்டாம். 140/90-ஐ எட்டினால் கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்புங்கள். 180/120-ஐ எட்டினால் அன்றே போக வேண்டும். கூடவே நெஞ்சுவலி, பார்வை மங்கல், கடும் தலைவலி இருந்தால் 999.

இனிப்பு அளவைக் கிளினிக் முடிவுத் தாளிலிருந்து எழுதுங்கள். மலேசிய மருத்துவ வழிகாட்டியில் வெறும் வயிற்றில் 6.1 முதல் 6.9 வரை வாசற்படி (நோய்க்கு முந்தைய நிலை), 7.0-லிருந்து இனிப்பு நீர். எச்.பி.ஏ.1.சி. என்ற இரண்டு மூன்று மாத இனிப்புச் சராசரி 5.7-லிருந்து வாசற்படி, 6.3-லிருந்து இனிப்பு நீர். வேறு நாட்டு வீடியோக்களில் 6.5 என்று சொல்வார்கள், குழம்ப வேண்டாம்.

வீடியோ குழப்பம் இன்னொன்று உண்டு. தமிழ்நாட்டு டாக்டர் '100-க்குள் இருக்க வேண்டும்' என்பார். நம் மாமா தன் தாளில் 9.4 என்று பார்த்துவிட்டு, "எனக்கு ரொம்பக் கம்மியா இருக்கு" என்று பலகாரத்தை எடுத்துக் கடிப்பார். அங்கே அளவு வேறு, இங்கே மில்லிமோல். நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண். மாமாவின் 9.4, அவர்கள் கணக்கில் 169.

தாள் இல்லாதவரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறும் 40 வயதுக்கு மேற்பட்டவருக்கும் அவர் துணைக்கும் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. பெர்கெசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) சந்தா கட்டும் 40 வயதுக்காரர்களுக்கும் தனித் திட்டம் இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிதான் (ரிங்கிட்).

மூன்று கேள்விகளை மறக்காதீர்கள். அப்பா அம்மா, கூடப்பிறந்தவர்களில் யாருக்கு இருக்கிறது? புகைப்பாரா? பெண்களிடம், பிள்ளைத்தாச்சியாக இருந்தபோது இனிப்பு ஏறியதா? இந்த மூன்றாவது கேள்விக்கு "ஆமா, ஆனா பிள்ளை பொறந்ததும் போயிடுச்சு" என்று எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்குப் பின்னாளில் இனிப்பு நீர் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிக அதிகம். அதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

4. மாத்திரைப் பட்டியலை உணவுக்கு முன்பே வாங்குங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனால் ஆபத்து. இனிப்பை இறக்கும் கிளிக்லாசைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், உங்கள் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் சோற்றைப் பாதியாக்கினால் இனிப்பு தடாலென்று இறங்கிவிடும். கை நடுங்கும், வியர்க்கும், பசி கிளம்பும், பேச்சு தடுமாறும். 4-க்குக் கீழே போயிருந்தால், அல்லது பார்க்கக் கருவியே இல்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டு 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐக் கூப்பிடுங்கள்.

இவர்கள் உணவை மாற்றும் முன் கிளினிக்கில் சொல்லியாக வேண்டும். மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. அது வயிற்றைப் புரட்டுகிறது என்று பலர் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். சாப்பாட்டோடு சேர்த்துப் போடுகிறார்களா என்று கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், யாரோ கொடுத்த பொடி என்று எது எடுத்தாலும் சிரிக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு தடவை சிரித்துவிட்டால் அப்புறம் எதையும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். கேட்க வேண்டியது இரண்டு: அதை நம்பி மாத்திரையை நிறுத்திவிட்டாரா? பொட்டலத்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா? எண் இல்லாத பொடியைக் கிளினிக் மருந்தாளரிடம் காட்டச் சொல்லுங்கள்.

5. ஒரு நாளை வட்டமாக வரையுங்கள்

முதல் சந்திப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வெற்றுத் தாளில் ஒரு வட்டம் போட்டு 24 மணி நேரமாகப் பிரியுங்கள். எழுந்தது, பசியாறியது, வேலை, தண்ணீர் குடித்தது, சாப்பிட்டது, படுத்தது எல்லாவற்றையும் அவர் சொல்ல நீங்கள் எழுதுங்கள். 'என்ன சாப்பிட்டீர்கள்' என்று தொடங்காதீர்கள், அது விசாரணை மாதிரி ஆகிவிடும். 'நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்?' என்று தொடங்குங்கள். நாளைச் சொல்லிக்கொண்டே வரும்போது சாப்பாடு தானாக வந்துவிடும்.

தொழிற்சாலை வாசலில் இரவுக் காவல் பார்க்கும் அண்ணன் ஒருவர். வட்டத்தில் காலை, மதியம், மாலை எல்லாம் நிறைந்துவிட்டது. ராத்திரிப் பக்கம் வெறுமையாக இருந்தது.

"ராத்திரி ஒண்ணும் சாப்பிடுறதில்ல தங்கச்சி."

"பன்னெண்டு மணி நேரம் எப்படிண்ணே முழிச்சிருக்கீங்க?"

"பதினோரு மணிக்கு ஒரு கேன் பானம். ரெண்டு மணிக்கு ஒண்ணு. நாலு மணிக்குக் கண்ணு சொருகும்போது பாக்கெட் கோப்பி, ரெண்டா சேத்துக் கலக்கிடுவேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கில் அது சாப்பாடு இல்லை, வேலைக்கான சாமான், கைவிளக்கு மாதிரி. நான் மட்டும் முதல் நாளே சோற்றைப் பற்றிப் பேசியிருந்தால், நாளைக்கு ஒரு கைச் சோறு சாப்பிடும் மனிதருக்குச் சோற்றைக் குறைக்கச் சொல்லியிருப்பேன்.

எழுதும்போது முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், அவர் முகத்தை இல்லை, உங்கள் முகத்தை. 'ரெண்டு கேன்' என்றதும் புருவம் ஏறினால் மூன்றாவது கேன் தாளுக்கு வரவே வராது. அன்று எந்த அறிவுரையும் வேண்டாம். தாளை அவர் கையிலேயே கொடுத்து, "இதுல உங்களுக்கே மாத்தணும்னு தோணுறது ஏதாச்சும் இருக்காண்ணே?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனம் நீளும். நீங்கள் அதை நிரப்பாதீர்கள்.

6. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க விடுங்கள்

அவர் சொல்வது உங்களுக்குச் சின்னதாகத் தோன்றலாம். பரவாயில்லை, அதையே எடுங்கள். அவர் தேர்ந்தெடுத்ததை அவர் காப்பாற்றுவார். நீங்கள் தேர்ந்தெடுத்தால் அது உங்கள் வேலையாகிவிடும்.

அப்புறம் அதைக் கையில் பிடிக்கும்படி ஆக்குங்கள். 'இனிமே கேன் குறைக்கிறேன்' என்பது திட்டம் இல்லை. 'திங்கள் முதல் வெள்ளி வரை ரெண்டு மணி கேனுக்குப் பதில் தண்ணீர் போத்தல்' என்பது திட்டம். எது, எப்போது, எத்தனை நாள் என்ற மூன்றும் இருக்க வேண்டும்.

பிறகு, "பத்துக்கு எத்தனை மார்க்கு நம்பிக்கை இருக்குண்ணே?" என்று கேளுங்கள். ஏழோ அதற்கு மேலோ சொன்னால் சரி. நான்கு என்றால், 'ஏன் நாலுதான்?' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் முடியாததற்கான காரணங்களை அடுக்குவார். "ரெண்டு சொல்லாம நாலு ஏன் சொன்னீங்க?" என்று கேளுங்கள். முடியும் என்பதற்கான காரணத்தை அவரே தேடிச் சொல்வார். அப்புறம் திட்டத்தை ஐந்து நாளிலிருந்து மூன்று நாளாகக் குறைத்துவிட்டு மறுபடி மார்க்கு கேளுங்கள்.

கடைசியில் அவர் வாயாலேயே திட்டத்தைத் திருப்பிச் சொல்லட்டும். நாம் சொன்னதும் அவர் கேட்டதும் வேறு வேறாக இருப்பதை இங்கே கண்டுபிடிக்கலாம்.

7. இரண்டு முதல் நான்காம் வாரம்: கிளாஸில் தொடங்குங்கள்

அவரே வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால் ஒழிய, நான் தட்டுக்கு முன் கிளாஸுக்குத்தான் போவேன். காரணம் எளிது. தண்ணீரில் கரைந்த சீனி வயிற்றையும் நிரப்பாது, இரத்தத்தில் சீக்கிரம் ஏறும். சமையலையும் மாற்ற வேண்டியதில்லை, வீட்டில் யாரோடும் சண்டையும் இல்லை. பலன் எண்ணில் தெரியும்போது அடுத்த படிக்கு அவரே வருவார்.

டின் பால் கணக்கை மேசையில் போட்டுக் காட்டுங்கள். நாம் டின் பால் என்று வாங்குவது பெரும்பாலும் பாமாயில் சேர்த்த இனிப்புக் கிரீமர். எடையில் ஏறக்குறைய பாதி சீனி. 500 கிராம் டின் ஒன்றை கணவனும் மனைவியும் ஐந்து நாளில் முடித்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் சீனி, அதாவது ஐந்தாறு தேக்கரண்டி. பலகாரம், கேன், பிஸ்கட் இன்னும் கணக்கில் வரவில்லை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சீனி 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இதை வாயால் சொல்லாதீர்கள். தேக்கரண்டியைக் கொடுத்து அவரையே காலி கிளாஸில் சீனியை அள்ளிப் போடச் சொல்லுங்கள். மூன்றாவது கரண்டியில் கை மெதுவாகும்.

இறக்கும் வரிசை: முதல் வாரம் தே தாரே கூராங் மானிஸ், அதாவது இனிப்பு குறைத்தது. அடுத்த வாரம் ஒரு நாளின் ஒரு கிளாஸ் மட்டும் தே சி கோசோங், சீனியில்லாத ஆவிப்பால் தேநீர். நாக்கு பழகிய பிறகு மற்ற கிளாஸ்கள். நேராகத் தே ஓ கோசோங்குக்கு (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) தள்ளினால் மூன்று நாள்தான் தாங்கும்.

இன்னொரு தந்திரம்: கடையில் பானம் கலக்கும் தம்பியிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கச் சொல்லுங்கள். காலை நெரிசலில் நாற்காலியை இழுத்துப் போட்டதுமே 'வழக்கமானது' மேசைக்கு வந்துவிடும். வந்ததை யார் திருப்பி அனுப்புவது?

குலை வெட்டுபவர்கள் வெயிலுக்கு ஐசோடோனிக் பானம் குடிப்பார்கள். அதிலும் சீனி உண்டு. வேலை நேரத்துக்கு வெறும் தண்ணீரும், நேரத்துக்குச் சாப்பாடும் பெரும்பாலும் போதும். கருப்பட்டி, குலா மெலாக்கா, தேன் போட்டால் ஏறாது என்பவர்களிடம் வாதாடாதீர்கள். இரத்தத்துக்கு அதுவும் சீனிதான் என்று ஒரு தடவை சொல்லிவிட்டு நகருங்கள்.

8. நான்காம் வாரம் முதல்: நடை

"நாள் பூரா தோட்டத்துல நடக்குறேன், இன்னும் எங்க நடக்கிறது?" என்று கேட்பவருக்குப் பதில்: நீங்கள் நடக்க வேண்டாம். மண்வெட்டியும் அலக்கும் பிடிப்பவருக்கு நடைப் பாடம் எடுப்பது அவர் உழைப்பை அவமதிப்பது. அவரோடு கிளாஸையும் தட்டையும் பேசுங்கள், போதும். நடை வேண்டியது காவல் நாற்காலியில் இருப்பவருக்கு, பள்ளி வேன் ஓட்டுபவருக்கு, கடையில் நிற்பவருக்கு.

இலக்கு வாரம் 150 நிமிடம். ஆனால் முதலில் இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம். சாப்பிட்டதும் தசை வேலை செய்தால் அப்போது ஏறும் இனிப்பைத் தசையே எடுத்துக்கொள்ளும். லயத்தில் (தோட்டத்து வீட்டு வரிசையில்) நாய்த் தொல்லை, தாமானில் விளக்கில்லாத ரோடு என்பதெல்லாம் சாக்கு இல்லை, உண்மையான தடைகள். கோவிலைச் சுற்றி நடக்கலாம். வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

தொடங்கும் முன் இரண்டு பார்வை. நடக்கும்போது நெஞ்சு இறுகுகிறதா என்று கேளுங்கள். இறுகினால் நடை கிடையாது, டாக்டர்தான். அப்புறம், இனிப்பு நீர் உள்ளவரின் பாதத்தைப் பாருங்கள். ஸ்லிப்பரோடு நடந்து, உணர்வு மங்கிய காலில் பட்ட காயம் தெரியாமலே புண்ணாகிவிடும். மூடிய காலணி வேண்டும்.

9. ஆறாம் வாரம்: இப்போதுதான் தட்டு

சுகாதார அமைச்சின் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறைதான் இருப்பதில் எளிது: தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, அரைப்பங்கு காய்கறி. படம் காட்டினால் எல்லோருக்கும் புரியும், வீட்டுக்குப் போனால் நடக்காது. ஆகவே நீங்கள் கொண்டுவந்த தட்டில், அவர் வீட்டில் எப்படிப் போட்டுச் சாப்பிடுவாரோ அப்படியே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நம் தட்டில் சோறு மலை, காய் ஓரத்தில் ஒரு கரண்டி. உருளைக்கிழங்குப் பிரட்டலையும் காய்க் கணக்கில் சேர்ப்பார்கள். உருளை சோற்றோடு சேர வேண்டியது.

சோற்றைக் குறைக்கச் சொல்லாதீர்கள், காயை முதலில் போடச் சொல்லுங்கள். அரைத் தட்டைக் கங்குங் கீரையோ பயற்றங்காயோ பிடித்துக்கொண்டால் சோற்றுக்கு இடம் தானாகச் சுருங்கும். வயிறும் காலியாக இருக்காது.

"ராத்திரிக்குச் சப்பாத்திதான், சோறே தொடுறதில்லை" என்பார்கள். எத்தனை என்று கேளுங்கள். ஆறு சப்பாத்தி என்றால் சோற்றுக்குக் கொடுத்த விடுமுறை வீண். கேழ்வரகுக் கஞ்சியும் அப்படித்தான், கிண்ணத்தின் அளவுதான் பேசும்.

இருதயத்துக்குக் கவனிக்க வேண்டியது உப்பு. உப்பு ஒரு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள். கருவாடு, ஊறுகாய், மேகி பாக்கெட் மசாலா, கிச்சாப் (சோயா சாஸ்) இவற்றில் மறைந்திருக்கும் உப்புதான் அதிகம். கருவாட்டை விடச் சொன்னால் நம் மக்கள் விடமாட்டார்கள், நானும் விடவில்லை. வாரத்தில் ஒரு நாள் என்று பேசி முடியுங்கள்.

10. சமைப்பவரைக் கூப்பிடுங்கள்

ஏழாம் வாரம் வாக்கில், ஆண்கள் தங்கள் மனைவியையோ அம்மாவையோ ஒரு தடவை கூட்டிவரட்டும். வந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள். 'நீங்கள்தான் இவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறீர்கள்' என்ற பேச்சு வந்தால் அந்த வீடு உங்களுக்கு மூடிவிடும். "இவருக்குக் காய் புடிக்கிற மாதிரி எப்படிக்கா செய்வீங்க?" என்று அவரிடம் யோசனை கேளுங்கள். பெண்களே பங்கேற்பாளராக இருந்தால் நிலைமை வேறு. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிச்சச் சோற்றை வீணாக்க மனசில்லாமல் தன் தட்டில் போட்டுக்கொள்வார்கள். அங்கே திட்டம், உலையில் அரிசியையே ஒரு கை குறைப்பதுதான்.

11. சிகரெட்டும் தண்ணியும்

புகைப்பவருக்கு இருதயக் கணக்கில் சிகரெட்டை விடுவதைவிடப் பெரிய ஒற்றை மாற்றம் கிடையாது. ஆனால் முதல் சந்திப்பில் கேட்டுப் பதிவு செய்துவிட்டு, அவரே தயாரென்று சொல்லும் வரை காத்திருங்கள். தயாரானதும் அரசாங்கத்தின் எம்குவிட் சேவைக்கு அனுப்புங்கள், அங்கே ஆலோசனையோடு மருந்தும் கிடைக்கும். தனியாக மனவுறுதியை மட்டும் நம்பி விட்டவர்கள் சம்பள நாளன்று திரும்பிவிடுகிறார்கள்.

மதுவையும் இப்படித்தான். தினமும் குடிப்பவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். கை நடுக்கம், வலிப்பு வரை போகலாம். அது கிளினிக் பார்வையில் நடக்க வேண்டியது.

12. சறுக்கும் வாரங்களை முன்கூட்டியே பேசுங்கள்

திருவிழா, தீபாவளி, கல்யாணம், துக்க வீடு. இவை வரும் என்று தெரியும், தேதிகூடத் தெரியும். வந்த பிறகு 'ஏன் சாப்பிட்டீர்கள்' என்று கேட்பதைவிட, முந்தின வாரமே 'அன்றைக்கு எதை விடமாட்டீர்கள்?' என்று கேளுங்கள். முறுக்கை விடமாட்டேன், பானத்தை விடுவேன் என்று அவரே பேரம் முடிப்பார்.

விரதத்தைத் தனியாகக் கவனியுங்கள். புரட்டாசியிலும் தைப்பூசத்துக்கு முன்னும் மாமிசம் நின்றுபோகும், அந்த இடத்தில் சோறும் உருளையும் வடையும் பாயசமும் வந்து உட்காரும். மரக்கறிதானே, உடம்புக்கு நல்லது என்று நினைப்பார்கள். பருப்பு, சோயாவில் செய்த தவ்ஹு, தெம்பே, கொண்டைக்கடலை என்று மாற்று கொடுங்கள். ஒருவேளை உணவு விரதம் இருப்பவர் மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால், விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் செய்த தப்பு ஒன்று. குழு வாட்ஸ்அப்பில் எல்லோருடைய வார எடையையும் போட்டு, முதலாவதாக வந்தவருக்குக் கைதட்டல் படம் அனுப்பினேன். உற்சாகம் வரும் என்ற நினைப்பு. தீபாவளிக்கு அடுத்த வாரம் எடை ஏறியவர்கள் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் குழுவை விட்டுப் போய்விட்டார்கள். எண்களைத் தனியாக அனுப்புங்கள். வயதானவர்களுக்கு எழுத்து வேண்டாம், குரல் பதிவு அனுப்புங்கள். அவர்களும் குரலிலேயே பதில் சொல்வார்கள், இரண்டு நிமிடப் பதிவில் ஒன்றரை நிமிடம் பேரப்பிள்ளையைப் பற்றி இருக்கும். முழுக்கக் கேளுங்கள்.

13. பன்னிரண்டாம் வாரம்: மறுபடி எண்

எச்.பி.ஏ.1.சி. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ஆகவே மூன்று மாதத்துக்கு முன் மறுபடி எடுப்பதில் பயனில்லை. அதற்கு வெறும் வயிறு தேவையில்லை, வெறும் வயிற்று இனிப்புச் சோதனைக்கு எட்டு மணி நேரம் தேவை. தலசீமியாவோ இரத்தச் சோகையோ உள்ளவருக்கு இந்த எண் தப்பாகக் காட்டலாம், அவர் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

எடை இலக்கு 7 சதவீதம், அதாவது 72 கிலோ உள்ளவருக்கு ஐந்து கிலோ. அமெரிக்காவில் 2002-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் இந்த இலக்கும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் சேர்ந்து இனிப்பு நீர் வருவதை 58 சதவீதம் குறைத்தன. ஆனால் எடை இயந்திரத்தையே கும்பிடாதீர்கள். நம்மவர்களை வைத்துச் சென்னையில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வில், எடை பெரிதாகக் குறையாமலே உணவும் நடையும் 28.5 சதவீதம் குறைத்தன. ஒரு கிலோகூட இறங்காமல் சோர்ந்து உட்காரும் அக்காவுக்கு இந்தச் செய்தியைச் சொல்லுங்கள். இடுப்பையும் அளந்து காட்டுங்கள், எடை நின்றாலும் நாடா இறங்கியிருக்கும்.

எண் இறங்கியிருந்தால் சந்திப்பை மாதம் ஒருமுறையாக்குங்கள். ஒரேயடியாக விட்டுவிட்டால் பழைய கிளாஸ் திரும்பிவிடும். எண் ஏறியிருந்தால் முதல் நாள் வட்டத்தை எடுத்து வைத்து, இன்றைய வட்டத்தைப் புதிதாக வரையுங்கள். ஷிஃப்டு மாறியிருக்கும், வீட்டில் யாரோ நோயாளியாகியிருப்பார், கடன் வந்திருக்கும். எல்லாம் சரியாகச் செய்தும் ஏறியிருந்தால் அது அவர் குற்றமில்லை. மாத்திரைக்கு நேரம் வந்துவிட்டது என்று இரண்டு தாளையும் கையில் கொடுத்துக் கிளினிக்குக்கு அனுப்புங்கள், முடிந்தால் கூடவே போங்கள். காவல்கார அண்ணனோடு நான் போனபோது காத்திருக்கும் இடத்தில் பானக் கடை இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் போத்தல் இரண்டு வாங்கினேன்.